பெட்டியில் வந்த அலமாரிக்கு வீட்டிலேயே பெயிண்ட் அடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் எங்கள் குடியிருப்பின் குப்பைத்தொட்டி ஓரத்தில் மாதம் ஒரு அலமாரியாவது சாய்ந்து நிற்கும். கதவு நன்றாக இருக்கும், கீல் நன்றாக இருக்கும். நிறம் மங்கியிருக்கும், இல்லையென்றால் ஒரு ஓரம் உரிந்திருக்கும். அவ்வளவுதான். இரும்பு பீரோவைக் காயலான் கடைக்காரர் வந்து தூக்கிக்கொண்டு போவார்; மரத்துகளைப் பசையோடு அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டை அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அட்டைப்பெட்டியில் பலகைகளாக வந்து, நாமே ஆலன் கீ வைத்துப் பூட்டிக்கொள்ளும் இந்த அலமாரிகளை ஆறு வருடமாகப் பெயிண்ட் அடித்துப் பயன்படுத்தி வருகிறேன். அக்கம்பக்கத்தில் என்னிடம் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

"லேமினேட் மேல பெயிண்ட் நிக்காது, காசைக் கரியாக்காதீங்க" என்கிறார் ஆசாரி. உண்மையா?

நேரடியாக அடித்தால் நிற்காது. அந்த அளவில் அவர் சொல்வது சரி.

மரத்தில் நுண்துளைகள் உண்டு; பெயிண்ட் அதற்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். ஆசாரி லேமினேட் என்று சொல்லும் பெட்டி அலமாரியின் மேற்பரப்பு பெரும்பாலும் மெலமைன் பிசினில் ஊறவைத்த காகிதம். சூட்டிலும் அழுத்தத்திலும் பலகையோடு இறுகிக் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. பெயிண்ட் பிடிக்க அதில் இடமே இல்லை.

நான் முதலில் அடித்தது ஒரு செருப்பு அலமாரி. துடைத்துவிட்டு அப்படியே இரண்டு கோட் எனாமல் அடித்தேன். பார்க்கப் பளபளவென்று இருந்தது. மூன்றாவது வாரம் கதவைத் திறக்கும்போது விரல் நகம் ஓரத்தில் பட்டது. காய்ச்சிய பாலில் ஆடையை எடுப்பதுபோல உள்ளங்கை அகலத்துக்கு ஒரே துண்டாக உரிந்து கையோடு வந்தது. அடியில் பழைய பரப்பு ஒரு கீறல் இல்லாமல் அப்படியே இருந்தது. பெயிண்ட் ஒட்டவே இல்லை, சும்மா மேலே போர்த்திக் கிடந்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. முழுவதையும் உரித்து எடுத்து, உப்புத்தாள் போட்டு, பிரைமர் (பெயிண்டுக்கு அடியில் பிடிப்புக்காக அடிக்கும் கோட்) அடித்து மறுபடி செய்தேன். அதே அலமாரி ஐந்தாவது வருடமாக வாசலில் நிற்கிறது.

என் அலமாரி எதனால் செய்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஏதாவது ஒரு திருகைக் கழற்றி ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அவலை அழுத்தி ஒட்டியதுபோல் துகள் துகளாகத் தெரிந்தால் பார்ட்டிகிள் போர்டு. பழுப்பு நிறத்தில் நைஸாக, தடித்த அட்டை மாதிரி இருந்தால் எம்.டி.எஃப்., அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகை. பலகையைத் தட்டினால் டொக் டொக் என்று உள்ளே காலியாகக் கேட்கிறதா? அது இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே காகிதத் தேன்கூடு வைத்தது. ஐகியாவின் 'லாக்' மேசை இந்த வகை. ஐகியாவிலேயே 'ஐவார்' அலமாரி மேற்பூச்சு எதுவும் இல்லாத பைன் மரம். அது கிடைத்தவர்களுக்கு இந்தப் பக்கத்தில் பாதி வேலை கிடையாது.

பலகையைவிட மேல்தோல் முக்கியம். மெலமைன் என்றால் கெட்டியாக, நகத்தால் கீற முடியாமல் இருக்கும். மலிவான அலமாரிகளில் அச்சடித்த காகிதம் மட்டும் ஒட்டியிருப்பார்கள். அது மெல்லியது, நாலு இழுப்பு அதிகமாகத் தேய்த்தால் கிழிந்து அடிப்பலகை தெரிந்துவிடும். சமையலறைக் கதவுகளில் வளைவு நெளிவோடு வழவழவென்று ஒரு பி.வி.சி. உறை இழுத்து ஒட்டியிருக்கும். அடுப்புச் சூட்டில் மூலையில் கிளம்ப ஆரம்பித்திருந்தால், அதன் மேல் பெயிண்ட் அடிப்பது வீண். தலைமுடி உலர்த்தும் டிரையரால் சூடு காட்டி மெதுவாக உரித்துவிடுங்கள். அடியில் இருக்கும் எம்.டி.எஃப். பெயிண்டை நன்றாக வாங்கும்.

பூட்டுவதற்கு முன்பே அடிப்பதா, பூட்டிய பிறகா?

புதிதாக வாங்கியது என்றால் பூட்டும் முன்பே. பலகைகளைத் தரையில் படுக்கவைத்து அடித்தால் வழியாது. ஆனால் இரண்டு பலகை சேரும் முகங்களிலும், மர ஆப்பும் கேம் லாக்கும் (திருப்பினால் பலகைகளை இறுக்கும் வட்டப் பூட்டு) போகும் ஓட்டைகளிலும் பெயிண்ட் படக்கூடாது. மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். அங்கே ஒரு கோட் ஏறினால்கூட மூட்டு இறுகாது, அலமாரி ஆடும்.

ஏற்கெனவே பூட்டி நாலைந்து வருடம் ஆனதை முழுக்கக் கழற்றாதீர்கள். பார்ட்டிகிள் போர்டில் திருகு ஒருமுறை பிடித்த பிடி மறுமுறை கிடைக்காது. கதவு, இழுப்பறை, தட்டு, கைப்பிடி இவற்றை மட்டும் கழற்றுங்கள். எந்தக் கதவு எங்கே இருந்தது என்று டேப்பில் எழுதிக் கீல் குழியில் ஒட்டுங்கள். திருகுகளைப் பழைய ஊறுகாய் பாட்டிலில் போட்டு மூடி வைத்தால் வேலை முடியும்வரை ஒன்றும் தொலையாது.

சுத்தம் செய்ய ஈரத்துணி போதாதா?

போதாது. நம் வீடுகளில் எல்லாவற்றின் மேலும் ஒரு எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். தாளிப்புப் புகை கூடம்வரை வருகிறது. பூஜை அலமாரி என்றால் விளக்கெண்ணெயும் சாம்பிராணிப் புகையும் சேர்ந்து மேல்தட்டின் அடியில் தார் மாதிரி படிந்திருக்கும். தேய்ப்பதற்கு முன்பே இதை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உப்புத்தாள் அந்த எண்ணெயைக் கீறலுக்குள் தள்ளிவிடும்.

பாத்திரம் கழுவும் திரவத்தை வெந்நீரில் கலந்து, நன்றாகப் பிழிந்த துணியால் துடையுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு தடவை. கடைசியாக டீநேச்சர்ட் ஸ்பிரிட் (எரிசாராயம்) தொட்ட துணி. விளக்கும் அடுப்பும் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஸ்பிரிட்டைத் திறங்கள். தண்ணீரை எங்கேயும் ஊற்றக் கூடாது. ஓரத்தில் இறங்கினால் பலகை உப்பிவிடும்.

இதுவரை ஃபர்னிச்சர் பாலிஷ் ஸ்ப்ரே போட்டுத் துடைத்து வந்திருந்தால் இந்த வேலையை இரண்டு முறை செய்யுங்கள். அவற்றில் பலவற்றில் சிலிக்கோன் உண்டு. அது மிச்சம் இருந்தால் பெயிண்ட் சின்னச் சின்ன வட்டமாக விலகி ஓடும். பெயிண்டர்கள் மீன்கண் என்பது இதைத்தான்.

எவ்வளவு தேய்க்க வேண்டும்? எந்த நம்பர் உப்புத்தாள்?

மேல்தோலை எடுப்பதற்காகத் தேய்க்கவில்லை. பளபளப்பைக் கொல்வதற்காகத் தேய்க்கிறோம். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் கை தானாகவே அளவு தெரிந்து வேலை செய்யும்.

மெலமைனுக்கு 150 அல்லது 180 நம்பர். ஒரு சிறு மரக்கட்டையில் சுற்றிக்கொண்டு, சீரான அழுத்தத்தில் வட்டமாகத் தேயுங்கள். வெறும் விரலால் தேய்த்தால் விரல் பட்ட இடம் மட்டும் பள்ளமாகும். பலகையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பாருங்கள். ஜன்னல் கம்பி அதில் தெளிவாகத் தெரிந்தால் இன்னும் தேய்க்க வேண்டும். கோலமாவு தூவித் துடைத்த பலகை மாதிரி முழுக்க மங்கலாகிவிட்டால் போதும், நிறுத்துங்கள். மூலைகளிலும் கைப்பிடியைச் சுற்றியும்தான் ஆட்கள் விட்டுவிடுவார்கள். பெயிண்ட் முதலில் உரிவதும் அங்கேதான்.

காகிதத் தோல் என்றால் 220-ல் லேசாக இரண்டு மூன்று இழுப்பு. பழுப்பு தெரிந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

இந்தத் தூசி பொல்லாதது. எம்.டி.எஃப். தூசி மாவைவிட நைஸ். பலகையை ஒட்டும் பசையில் ஃபார்மால்டிஹைடு பிசின் இருக்கிறது. என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு பால்கனியிலோ மொட்டை மாடியிலோ செய்யுங்கள். குழந்தைகளைப் பக்கத்தில் விட வேண்டாம்.

பிரைமர் என்று கேட்டால் கடைக்காரர் சுவர் பிரைமரைக் கொடுக்கிறார். அது ஆகுமா?

ஆகாது. சுவர் பிரைமர் சுவர்ப் பூச்சில் இறங்கிப் பிடிப்பதற்காகச் செய்தது. மரத்துக்கான சாதாரண பிரைமரும் பூச்சு இல்லாத வெறும் மரத்துக்குத்தான். நமக்கு வேண்டியது வழவழப்பான பரப்பில் ஒட்டும் பிரைமர். மூன்று வழி இருக்கிறது.

முதலாவது, அரக்கு பிரைமர். அரக்குப் பூச்சி மரக்கிளைகளில் விட்டுச்செல்லும் பிசின்தான் இது. அதைச் சுத்தம் செய்து செதில்களாக்கி ஸ்பிரிட்டில் கரைப்பார்கள். இந்தியாவில் அரக்கு அதிகம் விளைவது ஜார்க்கண்டில். நம் ஆசாரிகள் தலைமுறை தலைமுறையாகக் கதவுக்கும் நாற்காலிக்கும் போட்ட ஸ்பிரிட் பாலிஷ் இதுவேதான். வழவழப்பில் நன்றாக ஒட்டும், அரை மணி முக்கால் மணியில் காயும், அடியில் இருக்கும் கறையையும் வாடையையும் மேலே வர விடாது. வெள்ளை நிறமி சேர்த்த அரக்கு பிரைமர் இணையத்தில் கிடைக்கிறது, விலை கூடுதல்தான். அரக்குச் செதில் வாங்கி நீங்களே கரைப்பதாக இருந்தால் மெழுகு நீக்கியது என்று கேட்டு வாங்குங்கள். மெழுகு உள்ள அரக்கின் மேல் வாட்டர் பேஸ் (தண்ணீர் கலந்து அடிக்கும்) பெயிண்ட் சரியாக ஒட்டாது.

இரண்டாவது, டைல்ஸுக்கும் கண்ணாடிக்கும் லேமினேட்டுக்கும் ஒட்டும் என்று டப்பாவிலேயே எழுதியிருக்கும் வாட்டர் பேஸ் பிரைமர். வாடை குறைவு. ஆனால் காய்ந்த உடனே பிடிப்பு வந்துவிடாது. ஒரு நாளாவது விட வேண்டும்.

மூன்றாவது, இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் எபாக்சி பிரைமர். பிடிப்பு அபாரம். வாடையும் அதே அளவு. கலந்ததைக் குறித்த நேரத்துக்குள் அடித்து முடிக்க வேண்டும். முதல்முறை செய்பவர்களுக்கு நான் சொல்வதில்லை.

பிரைமர் பிடித்துவிட்டதா என்று சோதிக்க வழி உண்டா?

உண்டு. முழு அலமாரியையும் அடிக்கும் முன்பு கண்டிப்பாகச் செய்யுங்கள். ஒரு தட்டின் அடிப்பக்கத்தில் உள்ளங்கை அளவு இடத்தைத் தேய்த்து, பிரைமரும் ஒரு கோட் பெயிண்டும் அடித்து, இரண்டு மூன்று நாள் விடுங்கள். பிளேடால் 2 மி.மீ. இடைவெளியில் ஆறு கோடு நெடுக்காக, ஆறு கோடு குறுக்காகக் கீறுங்கள். புள்ளிக் கோலம் மாதிரி சின்னச் சின்னக் கட்டம் வரும். அதன் மேல் நல்ல பிசின் உள்ள டேப்பை அழுத்தி ஒட்டி ஒரே இழுப்பில் இழுங்கள். டேப்பில் கட்டம் எதுவும் வரவில்லை என்றால் தைரியமாக முழுவதும் அடிக்கலாம். கோட்டோரத்தில் துளித் துளியாக வந்திருந்தால் பரவாயில்லை. கட்டம் கட்டமாகப் பெயர்ந்தால் சுத்தமோ தேய்ப்போ போதவில்லை. பெயிண்ட் ஆலைகளிலும் பிடிப்பை இப்படிக் கட்டம் கீறிச் சோதிப்பது உண்டு.

அடிப்பகுதி தண்ணீர் பட்டு உப்பியிருக்கிறது. சரிசெய்ய முடியுமா?

தரை துடைக்கும் தண்ணீர் பட்டுப் பட்டு, கால் ஓரம் டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி ஊதியிருக்கும். ஊதியது மறுபடி அமுங்காது. ஆனால் மேலும் ஊதாமல் நிறுத்தலாம்.

முதலில் ஒரு வாரமாவது நன்றாகக் காயவிடுங்கள். உதிர்கிற துகள்களை எல்லாம் சுரண்டி எடுங்கள். புடைத்ததை 80 அல்லது 100 நம்பர் உப்புத்தாளால் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு மேல்தோல் போன அந்த வெறும் விளிம்பில் அரக்கு பிரைமரை ஊறும்வரை அடியுங்கள். முதல் கோட்டை அப்படியே குடித்துவிடும், இரண்டாவது மூன்றாவதில்தான் நிற்கும். குழிகளுக்கு எம்-சீல் மாதிரி எபாக்சி பட்டி வைத்து, காய்ந்ததும் தேயுங்கள். சுவருக்குப் போடும் பட்டி வேண்டவே வேண்டாம், ஒரு இடி பட்டால் உதிர்ந்துவிடும். கடைசியில் காலுக்கு அடியில் ரப்பர் புஷ் அடித்துத் தரையைவிட ஒரு விரற்கடை தூக்கிவிடுங்கள்.

பலகை நடுவரை ஊறி, அழுத்தினால் விரல் உள்ளே போகிறது என்றால் அந்தப் பலகையை மட்டும் மாற்றுங்கள். அதே தடிமனில் ஒரு பிளைவுட் துண்டு வெட்டித் தர பிளைவுட் கடைக்காரர்கள் மறுக்க மாட்டார்கள்.

எந்தப் பெயிண்ட்?

வாட்டர் பேஸ் எனாமல். இதைத் தயங்காமல் சொல்வேன். ஆயில் எனாமலும் கெட்டியாக நிற்கும். ஆனால் வெள்ளையோ வெளிர் நிறமோ அடித்தால் மஞ்சளாகும், அதுவும் வெளிச்சம் படாத அலமாரி உட்புறத்தில் சீக்கிரமே. வாடை போக நாளாகும்.

சுவருக்கு வாங்கி மிஞ்சிய எமல்ஷனை அடிக்காதீர்கள். அது மென்மையானது, கை பட்ட அழுக்கு ஏறும், வைத்த பொருள் ஒட்டும்.

பி.யு. (பாலியூரிதேன்) பெயிண்டைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஹார்டனர் (இறுகவைக்கும் திரவம்) கலந்து அடிக்கும் இரண்டு டப்பா பி.யு.வில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் உண்டு. அதை வீட்டுக்குள் ஸ்ப்ரே செய்வது நுரையீரலுக்குக் கேடு. ஆஸ்துமா இல்லாதவருக்கும் வரவழைக்கும். அந்த ஃபினிஷ்தான் வேண்டும் என்றால் கதவுகளை மட்டும் கழற்றிப் பட்டறையில் கொடுங்கள்.

குழந்தையின் அலமாரிக்கு ஏதாவது தனியாகப் பார்க்க வேண்டுமா?

ஈயம். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. அதனால் பரணில் கிடக்கும் அதற்கு முந்தைய பழைய டப்பாவைத் திறக்காதீர்கள். புதிய டப்பாவில் ஈய அளவு பற்றிய வரி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அடித்து முடித்தபின் குறைந்தது இரண்டு வாரம் வேறு அறையில் ஜன்னல் திறந்து வைத்துவிட்டுப் பிறகு குழந்தையின் அறைக்குக் கொண்டுபோங்கள். உயரமான அலமாரி என்றால் சுவரோடு சேர்த்துத் திருகும் பட்டியை மறுபடி மாட்ட மறக்க வேண்டாம். பெயிண்ட் அடிக்கக் கழற்றியவர்கள் பலர் மாட்டுவதே இல்லை. குழந்தை இழுப்பறையில் கால் வைத்து ஏறினால் அலமாரி முன்னால் சாயும்.

பிரஷா, ரோலரா?

நாலு அங்குல ஸ்பாஞ்ச் ரோலர். மூலைக்கு மட்டும் ஒரு அங்குல பிரஷ். மெல்லிய கோட்டாக அடியுங்கள். முதல் கோட்டில் அடிநிறம் தெரியும், திட்டுத்திட்டாக இருக்கும், மனசு கேட்காது. தடிமனாக அடித்து மூடிவிடத் தோன்றும். விடுங்கள், இரண்டாவது கோட்டில் மூடிவிடும். கோட்டுக்கு நடுவே 320 நம்பரால் லேசாகத் தடவித் தூசி துடைத்துவிட்டு அடுத்ததை அடியுங்கள். அடிக்கும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். தூசி வந்து ஒட்டும்.

எவ்வளவு பெயிண்ட் வாங்குவது?

ஒரு கணக்குச் சொல்கிறேன். ஐகியாவின் 'பில்லி' புத்தக அலமாரி 80 செ.மீ. அகலம், 28 செ.மீ. ஆழம், 202 செ.மீ. உயரம். பக்கம், தட்டு, பின்பலகை எல்லாம் சேர்த்தால் அடிக்க வேண்டிய பரப்பு சுமார் 70 சதுர அடி வருகிறது. வழவழப்பான பரப்பில் ஒரு லிட்டர் எனாமல் ஒரு கோட்டுக்கு ஏறக்குறைய 90 முதல் 100 சதுர அடி ஓடும். இரண்டு கோட்டுக்கு ஒன்றரை லிட்டர், பிரைமர் ஒரு லிட்டர் போதும். நிறம் கலந்து வாங்குவதாக இருந்தால் மொத்தமாக ஒரே தடவையில் கலக்கச் சொல்லுங்கள்.

மழைக்காலத்தில் அடிக்கலாமா?

ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் வேண்டாம். காற்றில் ஈரம் அதிகம் இருந்தால் வாட்டர் பேஸ் பெயிண்ட் மேலே காய்ந்ததுபோல் தெரியும், உள்ளே பிசுபிசுக்கும். அரக்கு பிரைமர் ஈரக்காற்றில் வெள்ளையாகப் பூத்துவிடும். கத்திரி வெயிலில் நேர் எதிர்த் தொல்லை: ரோலரிலேயே உலர்ந்து, பரப்பு சொரசொரவென்று ஆகும். அந்த மாதங்களில் நிழலில், காலை பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். தை, மாசிதான் நல்ல காலம்.

எப்போது பொருள் வைக்கலாம்?

பெயிண்ட் காய்வது வேறு, இறுகுவது வேறு. தொட்டால் ஒட்டாமல் இருக்க ஒரு மணி இரண்டு மணி போதும். அடுத்த கோட்டுக்கு டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தைப் பாருங்கள். ஆனால் முழுக்க இறுக மூன்று நான்கு வாரம் ஆகும். தங்கை வீட்டில் நான்காம் நாளே புத்தகங்களை அடுக்கிவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு அகராதியை எடுத்தபோது அதன் அட்டையின் நீலம் தட்டில் ஒட்டிக்கொண்டு, தட்டின் வெள்ளை அட்டையோடு வந்தது. முதல் வாரம் காலியாக வையுங்கள். அடுத்த இரண்டு வாரம் துணி மாதிரி லேசானவை. கனமான புத்தகமும் பாத்திரமும் ஒரு மாதம் கழித்து. கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே சின்ன ரப்பர் பொட்டு ஒட்டினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளாது.

பூஜை அலமாரிக்கு?

விளக்கு வைக்கும் தட்டில் ஒரு கிரானைட் துண்டோ டைல்ஸோ வையுங்கள். விளக்குக்கு நேர் மேலே இருக்கும் பலகையில் எந்தப் பெயிண்டும் நிற்காது. சூட்டில் பழுக்கும், கொப்புளிக்கும். அங்கே ஒரு மெல்லிய பித்தளைத் தகடு அடித்துவிடலாம். எண்ணெயும் புகையும் அதில் படியும், வெள்ளிக்கிழமை துலக்கிவிடலாம்.

கைப்பிடியையும் மாற்ற ஆசை. பழைய ஓட்டை பொருந்துமா?

இரண்டு ஓட்டைகளின் நடுப்புள்ளிக்கு நடுப்புள்ளி அளந்து பாருங்கள். பெரும்பாலும் 96, 128, 160 மி.மீ. என்று 32-ன் மடங்காக இருக்கும். அதே அளவில் வாங்கினால் அப்படியே பொருந்தும். வேறு அளவு என்றால் பழைய ஓட்டையை எபாக்சி பட்டியால் அடைத்துத் தேய்க்க வேண்டும். பிரைமர் அடிக்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

மிஞ்சிய பெயிண்டை என்ன செய்வது?

மூடி இறுக்கமான சின்னக் கண்ணாடி பாட்டிலில் விளிம்புவரை நிரப்பி வையுங்கள். உள்ளே காற்று குறைந்தால் ஆடை கட்டாது. நிறத்தின் எண், அடித்த மாதம், எந்த அலமாரி என்பதை டேப்பில் எழுதி ஒட்டுங்கள். நான் அந்தப் பாட்டிலை அலமாரியின் மேல்தட்டில் பின்பக்கமாக வைத்துவிடுவேன், ஒரு பழைய நெயில் பாலிஷ் பிரஷோடு. கதவு மூலையில் கீறல் விழுந்த அன்றைக்கே தொட்டுவிட முடிகிறது.